மேக்-அப் எயாரைக் குளிருக்கு நிப்பாட்டி வைக்கலாமோ?

கொத்துக்கடை | ஜனவரி 8, மாலை 4:15

கனடாவில, ஸ்காபரோவில சின்ன ரேக்-அவுட் கடை வைச்சிருக்கிறன். அடுப்புக்கு மேல இருக்கிற ஹூட் ஃபான் வெளிய தள்ளுற காத்துக்குப் பதிலா வெளிக்காத்தைச் சூடாக்கி உள்ள விடுற மேக்-அப் எயார் பெட்டி கூரையில இருக்கு. அது டிசம்பரில இருந்து கோக்கியின்ர பிடரியில ஐஸ் காத்தை ஊத்துது. பொறுக்க ஏலாமல் போன கிழமை அவர் பிரேக்கரை இறக்கிப்போட்டார். இப்ப குசினி சூடு, சத்தமும் இல்லை, கேஸ் பில்லும் குறையும். ஹூட் ஃபான் வழமை போல புகையை இழுக்குது. ஏப்ரல் வரைக்கும் இப்பிடியே விட்டா என்ன? கூட்டாளி ஒருத்தர் தானும் வருசா வருசம் அப்பிடித்தான் செய்யிறதெண்டு சொன்னார்.

இன்னொண்டு: முன் கதவு இழுக்கச் சரியான இறுக்கம். குளோசருக்கு எண்ணெய் விட்டும் சரிவரேல்லை. கதவு வேலைக்கு ஆரையும் தெரிஞ்சாச் சொல்லுங்கோ.

கூரைக்காரன் | ஜனவரி 8, இரவு 11:40

விடக்கூடாது. பிரேக்கரைப் போடுங்கோ. கதவுக்கு எண்ணெய் வேண்டாம், கதவில பிழை இல்லை.

மிச்சம் காலமை எழுதுறன். இந்தப் பெட்டிகளைத் திருத்திறதுதான் என்ர வேலை, இப்பதான் கூரையால இறங்கி வந்தனான், விரல் விறைச்சுப்போய்க் கிடக்கு.

கூரைக்காரன் | ஜனவரி 9, காலை 6:05

உங்கட ஹூட் நிமிசத்துக்கு 3,000 கன அடி காத்தை வெளிய தள்ளுதெண்டு வையுங்கோ. கொத்துத் தட்டு, ரெண்டு ஃபிரையர், ஒரு ரேஞ்ச் இருக்கிற கடைக்கு அது பெரிய கணக்கில்லை. வெளிய போனது எங்கயாலயோ உள்ள வந்துதான் ஆகும். வாறதுக்கு ஒழுங்கான வழிதான் அந்தப் பெட்டி. அதை அடைச்சா காத்து தானாகத் தேடும். கதவு இடுக்கு, பாத்ரூம் ஃபான், மேல் சீலிங், ஒண்டும் போதாட்டி வோட்டர் ஹீற்றரின்ர புகைக்குழாய். அந்தக் கடைசி வழியால ஹீற்றரின்ர புகையும் திரும்பி உள்ள வரும், அதாலதான் ஆக்கள் சாகிறது.

உங்கட கதவு இப்ப ஒரு மீற்றர் மாதிரி. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, உள்ளுக்கு அழுத்தம் குறைய வெளிக்காத்து அதைச் சட்டத்தோட சேத்து அமத்திப் பிடிக்குது. 25 பாஸ்கல் (காத்தழுத்தத்தை அளக்கிற அலகு) எண்டா கேக்க ஒண்டுமில்லை. ரெண்டு சதுர மீற்றர் கதவில அது 5 கிலோ. உங்கட சனம் 5 கிலோவை இழுத்துப்போட்டுத்தான் ரோல்ஸ் வாங்குது.

இப்ப வோட்டர் ஹீற்றரைப் போய்ப் பாருங்கோ. தலையில சின்னக் குடை மாதிரி ஒரு இடைவெளி, அதுக்கு மேல தகரக் குழாய் கூரைக்குப் போகுதோ? அப்பிடியெண்டா அதுக்குப் புகையைத் தள்ள ஃபான் ஒண்டும் இல்லை. சூடான புகை தன்ர பாட்டில மேல போறதை நம்பியிருக்கிற சாமான் அது. கனடாவில இந்த வகைக்கு வைச்சிருக்கிற எல்லை 5 பாஸ்கல். உங்கட கதவு காட்டுறது அதைவிட எத்தினையோ மடங்கு. வெள்ளை பிளாஸ்ரிக் குழாயும் ஃபானும் உள்ள வகையெண்டா பயம் குறைவு.

கடையில ஊதுபத்தி இருக்கும்தானே. எல்லாக் கதவையும் பூட்டி, ஹூட்டைப் போட்டு, சுடுதண்ணியைத் திறந்து விட்டு ஹீற்றரை ஒரு அஞ்சு நிமிசம் எரிய விடுங்கோ. பத்த வைச்ச ஊதுபத்தியை அந்தக் குடைக்குக் கிட்டப் பிடியுங்கோ. புகை குழாய்க்குள்ள ஏறவேணும். உங்கட பக்கம் திரும்பினா ஹீற்றரை நிப்பாட்டி, அடுப்புகளை நிப்பாட்டி, கதவைத் திறந்து விட்டு, லைசென்ஸ் உள்ள கேஸ் ஆளைக் கூப்பிடுங்கோ. அண்டைக்கு வியாபாரம் இல்லை.

கோக்கிக்குத் தலையிடி, சத்தி வாற மாதிரி ஏதும் இருக்கோ எண்டும் கேளுங்கோ. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2008 டிசம்பரில வுட்ஸ்ரொக்கில கேஸ் ஃபயர்பிளேசின்ர புகைவழி அடைபட்டு, நாலு பேர் இருந்த குடும்பம் அப்பிடியே போச்சுது. அதுக்குப் பிறகு போராடித்தான் ஒன்ராறியோவில வீடுகளுக்குக் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயமாச்சு, 2014 ஒக்டோபர் 15. கடை வீடில்லை எண்டு நியாயம் கதையாதைங்கோ. ஒண்டு வாங்கிக் கொழுவுங்கோ.

கூரைக்காரன் | ஜனவரி 9, மதியம் 12:30

சாப்பாட்டு நேரம், வேலைக்குப் போற வானுக்குள்ள இருந்து எழுதுறன். காலமை எழுதினதில ஒரு திருத்தம். 5 கிலோ எண்டது கதவு முழுக்க விழுற பாரம். ஒரு பக்கம் பிணைச்சல் தாங்கும், கைப்பிடியில இழுக்கிறது அதில பாதிதான். ரெண்டரைக் கிலோ. வயசுபோன அம்மாமாருக்கு அதுவும் காணும்.

கேஸ் பில் கதை: குறையும் எண்டது பொய்யில்லை. பெட்டியால உள்ள வாற காத்து நிமிசத்துக்கு 2,400 கன அடி எண்டு வைச்சு, −20ல இருக்கிறதை 18 ஆக்கிறதுக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 176,000 பி.ரி.யூ (சூட்டை அளக்கிற அலகு) வேணும். சாதாரண வீட்டு ஃபேர்னஸ் 60,000, 80,000. ஆக உங்கட கொத்துச் சட்டிக்கு மேல ரெண்டு வீட்டுக்குரிய நெருப்பு எரியவேணும். மணித்தியாலத்துக்கு 5 கன மீற்றர் கேஸ். வயித்தெரிச்சல்தான். ஆனா பெட்டியை நிப்பாட்டினா காத்து வராமல் விடுறேல்லை. சூடாக்காமல் வருது, அவ்வளவுதான். முன்னால இருக்கிற கடை ஃபேர்னஸ் அதைச் சூடாக்கப் பாத்து மூச்சு வாங்கும். மிச்சத்தைக் கோக்கியின்ர கால் தாங்கும்.

கொத்துக்கடை | ஜனவரி 9, இரவு 10:20

அண்ணை, புகை நேர என்ர முகத்துக்கு வந்துது. கை நடுங்கிப்போச்சு. ஹீற்றர், அடுப்பு எல்லாம் நிப்பாட்டிப்போட்டன். பேந்து பெட்டியின்ர பிரேக்கரைப் போட்டுப் பாத்தன், முன் கதவு ஒரு விரலால திறக்குது!! ஆனா திரும்பவும் அதே ஐஸ் காத்துத்தான். கோக்கிக்கு ரெண்டு மூண்டு நாளாத் தலையிடியாம், குளிராலயெண்டு நினைச்சவராம். உங்களால வர ஏலுமோ?

கூரைக்காரன் | ஜனவரி 9, இரவு 10:35

முதல் கோக்கியை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இண்டைக்கே. குளிராலயோ இல்லையோ எண்டு அங்க ரத்தத்தில பாப்பினம்.

எனக்கு இந்தக் கிழமை தூர, பரி (Barrie) நகரத்தில வேலை, வர ஏலாது. பக்கத்தில ஜி-2 லைசென்ஸ் உள்ள கேஸ் ஆள் ஒருத்தரைப் பிடியுங்கோ. பெட்டியின்ர தகட்டில இன்புட் 400,000 பி.ரி.யூவுக்கு மேல இருந்தா ஜி-1 வேணும், ஆனா உங்கட கடைக்கு அவ்வளவு இராது. ஜி-3 தனிய வந்தா விடாதைங்கோ, அவருக்கு மேற்பார்வை வேணும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேக்கிறதில வெக்கம் ஒண்டுமில்லை, என்னட்டையும் கேக்கிறவை.

கூரைக்காரன் | ஜனவரி 10, இரவு 9:50

ஆள் திங்கள்தான் வருவார், கோக்கி சுகம் எண்டு தனிமடலில எழுதியிருந்தார். நல்லது. அதுவரைக்கும் இருந்து யோசிப்பம்.

ஃபான் ஓடுது, சூடு இல்லை. எண்டா பேர்னர் பத்தேல்லை. குசினிப் பெட்டிகள் அநேகமா நேரடி நெருப்பு வகை. புகைக்குழாயே இல்லை, உள்ள வாற காத்துக்குள்ளயே நெருப்பு எரியும். அதால காத்து சரியான வேகத்தில பேர்னரைக் கடக்குதோ எண்டு எயார் சுவிச் ஒண்டு காவல் நிக்கும். அது சம்மதிக்காட்டிக் கேஸ் வால்வு திறவாது. குளிருக்குள்ள அந்தக் காவல்காரனைக் குழப்பிறதுக்கு ஆயிரம் வழி. அதின்ர மெல்லிய ரியூப்புக்குள்ள ஈரம் உறையும். பெல்ற் கல்லு மாதிரியாகி வழுக்கும், அதுவும் காத்துக்குளிர் −33க்குப் போற நாளில சொல்லத் தேவையில்லை.

நான் பந்தயம் கட்டுறது வலைக்கு. காத்து உள்ள போற வாயில குருவி போகாமல் வலை ஒண்டு இருக்கும். 2011 பெப்ரவரியில மார்க்கம் (Markham) நகரத்தில ஒரு கலியாண மண்டபம். வெள்ளிக்கிழமை பின்னேரம், உள்ள முன்னூறு பேருக்குச் சமையல் நடக்குது, மேல பேர்னர் பத்தி ரெண்டு நிமிசத்தில அணையுது. நெருப்பு இருக்கோ எண்டு பாக்கிற ஃபிளேம் றொட்டைக் கழட்டித் துப்பரவாக்கினன். அதின்ர மைக்ரோ அம்பியர் சிக்னலைப் பாத்தன், நல்லா நிண்டுது. நம்பேல்லை, புதுசு போட்டன். இக்னிஷன் ட்ரான்ஸ்ஃபோமரை மாத்தினன். மூண்டு தரம் ஏணியால இறங்கி வானுக்குப் போய் வந்தன். கடைசியாக் களைச்சுப்போய்க் காத்து வாயில சாய்ஞ்சா, வலை முழுக்க வெள்ளைப் பஞ்சு. ஸ்நோ இல்லை. குசினி நீராவி. ஹூட் ஃபானை மூண்டு மீற்றரும் இல்லாத தூரத்தில ஆரோ வைச்சிருக்கினம், அண்டைக்குக் காத்தடிச்ச பக்கத்துக்கு நீராவியெல்லாம் இந்த வாய்க்குள்ள போய் வலையில உறைஞ்சுபோச்சு. தும்புத்தடியால தட்டினன். நாப்பது செக்கன் வேலை.

பில்லில மாத்தின பாகங்களின்ர காசைக் கழிச்சுப்போட்டன். முழுக்க இல்லை, பாதி.

ஆக உங்கட பெட்டியிலயும் வலைதான். ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் பந்தயம். ஒண்டு மட்டும் உறுத்துது. பேர்னர் பத்தாமல் குளிர்காத்து தொடர்ந்து வந்தா லோ-லிமிற் சுவிச் கொஞ்ச நேரத்தில ஃபானை நிப்பாட்ட வேணும். உங்கட ஃபான் ஏன் நிக்காமல் ஓடுது?

கூரைக்காரன் | ஜனவரி 11, காலை 7:10

ராத்திரி எழுதினதில ஒரு விசர்க்கதை இருக்கு. ஒருத்தர் நல்லாப் பிடிச்சிட்டார். காத்துக்குளிர் −33 எண்டா பெல்றுக்கு என்ன, மோட்டருக்கு என்ன? அது தோலுக்குச் சொல்லுற இலக்கம். −20ல 30 கிலோமீற்றர் காத்தடிச்சா மனுசத் தோல் −33 மாதிரிச் சூடு இழக்கும். இரும்பு −20க்குக் கீழ ஒரு புள்ளியும் போகாது. கெதியா −20க்கு வரும், அவ்வளவுதான். 2001ல கனடா புதுக் கணக்கு கொண்டுவந்த நேரம் இதை எங்களுக்கு வகுப்பில வைச்சுச் சொல்லித் தந்தவை. இருபது வருசத்துக்கு மேல தெரிஞ்ச விசயத்தைப் பிழையா எழுதியிருக்கிறன். குளிரில மூளையும் விறைக்கும்போல.

காத்துக்குளிர் எனக்குத்தான் முக்கியம். −28க்குக் கீழ போனாப் பத்து நிமிசத்தில இருந்து அரை மணிக்குள்ள தோல் உறையத் துவங்கலாம். ஒரு பெல்ற் மாத்திற நேரம்.

கூரைக்காரன் | ஜனவரி 11, காலை 7:40

ஆனா குளிர் இயந்திரத்தை ஒண்டும் செய்யாது எண்டும் இல்லை. குளிர்காத்து கனம். −20ல இருக்கிற காத்து, 20ல இருக்கிறதைவிட 16 சதவீதம் பாரம் கூட. பேர்னருக்குப் பிறகு ஃபான் இருக்கிற பெட்டியில, நெருப்பு எரியேக்க ஃபானுக்குச் சூடான மெல்லிய காத்து. நெருப்பு நிண்டாப் பாரமான காத்து. அதே வேகம், அதே பெல்ற், ஆனா மோட்டர் இழுக்கிற அம்பியர் ஏறும். கோடையில கிளாம்ப் மீற்றரில எல்லையோட நிண்ட மோட்டர் ஜனவரியில ஓவர்லோட்டில விழும். உடன மோட்டரை மாத்திப்போட்டு வாற ஆக்களும் இருக்கினம். நானும் ஒருக்கா மாத்தினனான். அதை விடுங்கோ.

கூரைக்காரன் | ஜனவரி 12, பிற்பகல் 3:15

"குளிரில கூரை வேலை எப்பிடியிருக்கும்?" எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார், கொலிஜ்ஜில 313ஏ (ஏசி, குளிர்சாதன மெக்கானிக் படிப்பு) படிக்கப் போறாராம். தம்பி, படியுங்கோ. நல்ல சம்பளம். ஆனா இதையும் கேட்டுப்போட்டுப் போங்கோ.

என்ர முதலாவது குளிர்காலம். ஒரு பிளாசாவில உள்பக்க ஏணியால ஏறி, ஹட்ச் கதவைத் திறந்து கூரைக்குப் போனன். முட்டுக் கொடுக்கிற கம்பி சரியாக் கொழுவுப்படேல்லை, நானும் பாக்கேல்லை. பின்னால ஒரு காத்து, டமார் எண்டு ஹட்ச் மூடிச்சு. பிடி உள்பக்கம். போன் மேல் பொக்கற்றில கிடந்து குளிரில செத்துப்போச்சு. கத்திப் பாத்தன், கீழ ரோட்டுச் சத்தத்தில ஆருக்குக் கேக்கும்? கீழ ஒரு சாப்பாட்டுக்கடை, அவையின்ர ஹூட் ஃபான் இருந்துது. அதுக்குப் பக்கத்தில போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டன். சூடு வந்துது, சூட்டோட எண்ணெயும் வந்துது. பொரிச்ச வெங்காய மணம். பசியும் வந்திட்டுது. அம்பது நிமிசம் போய்ப் பின் வாசலால குப்பை கொட்ட ஒரு பெடியன் வந்தான். ஸ்நோவை உருட்டி எறிஞ்சன். தலையில பட்டுது. அவன் மேல பாத்து ஏசின ஏச்சை இஞ்ச எழுத ஏலாது. ஆனா வந்து திறந்து விட்டான்.

அண்டையில இருந்து மரக்கட்டை ஒண்டு கயித்தில கட்டி எப்பவும் என்னோட வரும், ஹட்ச்சுக்குள்ள குடுக்கிறதுக்கு. போன் நெஞ்சோட, உள் சட்டைக்குள்ள.

மற்றது ஆணி. கிளவ்ஸோட சின்ன ஸ்குறூ பிடிக்க ஏலாது, கழட்டினா விரல் ரெண்டு நிமிசம் கூடத் தாங்காது. கை ரெண்டும் வேலையாயிருக்க ஊரில தச்சர்மார் செய்யிற மாதிரி ஸ்குறூவை வாயில வைச்சன். −20ல. சொண்டுத் தோலை அதிலயே விட்டிட்டு வந்தன். இப்ப காந்தக் கிண்ணம் ஒண்டு வைச்சிருக்கிறன். ஸ்நோவுக்குள்ள விழுந்த ஸ்குறூவை ஏப்ரலிலதான் காணலாம்.

சின்னச் சின்ன வஞ்சகம் கனக்க இருக்கு. வயரின்ர பிளாஸ்ரிக் உறை விறைச்சு முறியும், கோடையில வளைச்ச மாதிரி வளைக்கக்கூடாது. ரேப் ஒட்டாது. மீற்றரின்ர எழுத்து ஆறுதலா, யோசிச்சு யோசிச்சு வரும். பற்றரியைச் சட்டைக்குள்ள சூடா வைச்சிருந்து போடுறன். வெள்ளைக் கூரையில பனி படிஞ்சாக் கண்ணாடி மாதிரி. ஹூட் ஃபானைச் சுத்திச் சிந்தின எண்ணெய் உறைஞ்சு அதுக்கு மேல ஸ்நோ விழுந்தா, அதைவிட வழுக்கிற இடம் உலகத்திலயே இல்லை.

கூரைக்காரன் | ஜனவரி 12, இரவு 8:00

மனுசி படிச்சுப்போட்டு, "அப்ப இருபது நிமிசம் எண்டுதானே சொன்னனீங்கள்" எண்டு கேக்கிறா. இருக்கலாம். அந்தக் குளிரில இருபதும் அம்பதும் ஒண்டுதான். எண்ணெய் மணம் போகாத ஜக்கற்றை ரெண்டு கிழமை பல்கனியில தொங்க விட்டதை அவவும் மறக்கேல்லை.

கூரைக்காரன் | ஜனவரி 12, இரவு 8:25

"நானே ஏறி வலையைத் தட்டிப்போட்டு வரலாமோ" எண்டு ரெண்டு கடைக்காரர் கேட்டிருக்கினம். வேண்டாம். ஸ்நோவுக்குக் கீழ ஸ்கைலைற் எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது, அது உங்களைத் தாங்கவும் மாட்டுது. ஒன்ராறியோவில மூண்டு மீற்றர் விழக்கூடிய இடமெண்டா வேலையாளுக்கு விழாமல் இருக்கிற ஏற்பாடு சட்டப்படி வேணும், கோக்கியை ஏத்திவிட்டா நீங்கள்தான் பதில் சொல்லோணும். கேஸ் பக்கம் கை வைக்கிறதுக்கு ரி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின்ர பாதுகாப்பு அமைப்பு) அட்டை வேணும். கீழ நிண்டு கதவையும் ஊதுபத்தியையும் பாருங்கோ, அது காணும்.

கொத்துக்கடை | ஜனவரி 13, மாலை 6:45

ஆள் வந்து போட்டார். அண்ணை, சிரிக்காதைங்கோ.

வந்த உடன அவர் கூரைக்குப் போகேல்லை. குசினிச் சுவரில ரிமோட் பெட்டி எங்கயெண்டு கேட்டார். அப்பிடி ஒண்டு இருக்கிறதே எனக்குத் தெரியாது. தேடினா, கோயில் கலண்டருக்குப் பின்னால இருந்துது. அதில "சமர் – வின்ரர்" (கோடை – குளிர்) எண்டு ஒரு சுவிச். சமரில கிடந்துது. யூனில ஆரோ மாத்தினது, பேந்து கலண்டர் கொழுவினதோட எல்லாரும் மறந்திட்டம். வின்ரருக்குத் தட்டினார், ரெண்டு நிமிசத்தில சூடு வந்துது.

பிறகும் மேல ஏறிப் பாத்தவர். நீங்கள் கேட்ட லோ-லிமிற், அதின்ர ரெண்டு வயரையும் ஆரோ சேத்துத் திருகி விட்டிருக்கினமாம், அதாலதான் அது ஃபானை நிப்பாட்டேல்லையாம். புதுசு போட்டுத்தான் போனவர். வலையிலயும் பாதி உறைஞ்சிருந்துதாம், தட்டி விட்டவர். ஊதுபத்தி இப்ப உள்ள போகுது.

கூரைக்காரன் | ஜனவரி 13, இரவு 9:30

சிரிக்கேல்லை. நான் சிரிக்கிற நிலைமையில இல்லை. இருபத்தேழு வருசம் கூரையில நிண்ட ஆள், அஞ்சு நாள் மேல இருந்து எழுதியிருக்கிறன், வலை, ரியூப், பெல்ற், காத்தின்ர பாரமெண்டு. முதல் கேக்கவேண்டிய கேள்வி "சுவிச் எதில கிடக்கு?" எண்டது. அதைக் கேக்கேல்லை. அந்தப் பெடியன் கேட்டிருக்கிறான். கெட்டிக்காரன், அவன்ர நம்பரை வைச்சிருங்கோ.

வலை பாதி உறைஞ்சிருந்துதெண்டா ரோல்ஸும் பாதி எனக்கு வரவேணும். பெட்டியில பன்ரெண்டு எண்டா ஆறு.

கூரைக்காரன் | ஜனவரி 14, அதிகாலை 3:20

நித்திரை வரேல்லை. அந்த லோ-லிமிற் வயர்.

"ஆரோ" எண்டு எழுதியிருந்தீங்கள். அந்த "ஆரோ"வை எனக்குத் தெரியும், ஆள் எப்பிடி யோசிச்சிருப்பார் எண்டும் தெரியும். வெள்ளி பின்னேரம், கடை நிறைய சனம், பெட்டி திரும்பத் திரும்ப நிக்குது, முதலாளி தலைக்கு மேல நிண்டு கத்துறார், வெளிய −18. இரவைக்கு மட்டும் ஓடட்டும், திங்கள் வந்து வடிவாப் பாப்பம். அந்தத் திங்கள் வாறேல்லை.

எனக்கும் ஒரு திங்கள் இருக்கு. 2004 ஜனவரி, நோர்த் யோர்க்கில ஒரு ஒஃபிஸ் கட்டிடம். நான் அப்ப வேலை செய்த கொம்பனியின்ர பேர் வேண்டாம். கூரையில பெரிய யூனிற், உள்ள சுடுதண்ணிக் கொயில் (காத்தைச் சூடாக்கிற செப்புக் குழாய்ச் சுருள்). அதுக்கு முன்னால இருபது அடி நீளத்தில மெல்லிய செப்புக் குழாய் வளைச்சு வளைச்சுக் கட்டியிருக்கும், ஃபிறீஸ்ஸ்ராற். அந்த இருபது அடியில எந்த ஒரு அடியாவது 3 பாகைக்குக் கீழ போனா யூனிற் நிக்கும், வெளிக்காத்துக் கதவு மூடும். நாலு நாளாக் காலமை காலமை நிண்டுகொண்டிருந்துது. ஒஃபிஸ்காரர் குளிரெண்டு போன் அடிக்க, சுப்பவைசர் எனக்கு அடிக்க, வெள்ளி பின்னேரம் நான் ஒரு துண்டு வயரை எடுத்து, ஃபிறீஸ்ஸ்ராற் யூனிற்றை நிப்பாட்ட ஏலாத மாதிரிப் பாலம் போட்டன். கதவுக்கு உள்பக்கம் மார்க்கரால "திங்கள்" எண்டு எழுதியும் விட்டன். நேர்மையான ஆள் பாருங்கோ.

சனி இரவு சுடுதண்ணிப் பம்ப் நிண்டுபோச்சு. ஃபான் நிக்கேல்லை, வெளிக்காத்துக் கதவு மூடேல்லை, மூடச் சொல்லுற ஆளின்ர வாயை நான் கட்டிப்போட்டு வந்திட்டன். கொயில் உறைஞ்சுது. தண்ணி உறையேக்க ஒன்பது சதவீதம் பெருக்கும், நடுவில அகப்பட்ட தண்ணிக்குப் போக இடமில்லாமல் வளைவுகளில செம்பு கிழியும். உறைஞ்சு கிடக்கிற வரைக்கும் ஒரு சொட்டும் ஒழுகாது. ஞாயிறு ஆரோ பம்பைத் திரும்பப் போட்டு, கரைஞ்ச பிறகுதான் ரெண்டு மாடிக்கு ஊத்திச்சு.

கொம்பனி கட்டிடக்காரருக்குச் சொன்னது "கொயில் பழசு" எண்டு. நான் பக்கத்தில நிண்டனான். திங்கள் காலமை எல்லாருக்கும் முதல் ஏறி அந்த வயரைக் கழட்டி, மார்க்கர் எழுத்தைச் சீலையால துடைச்சனான்.

அது ஏன் நாலு நாள் நிண்டதெண்டு பேந்து பாத்தன். வெளிக்காத்துக் கதவின்ர கம்பியில ஒரு செற்-ஸ்குறூ லூஸ். கதவு குறைய வேண்டிய அளவுக்குக் குறையாமல் குளிரை அள்ளி விட்டிருக்கு. இறுக்க அஞ்சு நிமிசம்.

கூரைக்காரன் | ஜனவரி 14, மாலை 5:50

காலமை எழும்பி மேல உள்ளதை அழிப்பமோ எண்டு யோசிச்சன். கிடக்கட்டும். படிக்கப் போற தம்பிக்கு ஒண்டு: சோதிக்கிறதுக்குப் பாலம் போடாத ரெக்னீசியன் இல்லை, நானும் இப்பவும் போடுறனான். ஆனா என்ர பாலம் இப்ப சிவப்பு வயர், ஒரு மீற்றர் நீளம், நுனியில வான் திறப்புக் கட்டியிருக்கு. அதை விட்டிட்டு வீட்டை போக ஏலாது.

கொத்துக்கடை | பெப்ரவரி 2, பிற்பகல் 2:10

அண்ணை, இப்ப கோக்கி குசினி சரியான வெக்கை எண்டு நிக்கிறார். பிரேக்கரை இறக்கட்டோ எண்டு கேக்கிறார்.

கூரைக்காரன் | பெப்ரவரி 2, பிற்பகல் 2:25

கலண்டருக்குப் பின்னால சுவிச்சுக்குப் பக்கத்தில ஒரு குமிழ் இருக்கும். 21ல கிடக்கும். 14க்குக் குறையுங்கோ, அடுப்புச் சூடு மிச்சத்தைப் பாக்கும், கேஸும் மிச்சம். கோக்கி திரும்பவும் பிடரி குளிருதெண்டாப் 15.

கலண்டரை மற்றச் சுவருக்கு மாத்துங்கோ. சனிக்கிழமை ஸ்காபரோ பக்கம் வாறன், ஆறு ரோல்ஸ்.